ஓடும் ஊரும்: நத்தை குறித்த வாசகர் கேள்விகள்

மழைக்குப் பின் முருங்கையடியில் கூடும் பெரிய பழுப்பு நத்தைகள் இந்நாட்டைச் சேர்ந்தவையா? (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

அல்ல. இது கிழக்கு ஆப்பிரிக்காவின் ராட்சத நத்தை. 1847இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் மலாயாவரை பரவியது. கூம்பு வடிவ ஓட்டில் ஏழு முதல் ஒன்பது சுற்றுகள் இருக்கும். மூளையுறை அழற்சியை உண்டாக்கும் எலி நுரையீரல் புழு இதில் இருக்கலாம் என்பதால், வெறுங்கையால் தொடாதீர்கள்.

இது என்ன நத்தை? (படம் மட்டும்)

ஊரும் இல்லை, ஓட்டின் வாய்ப்பகுதியும் படத்தில் தெரியவில்லை. மேல்தோல் உரிந்து வெளுத்துப்போன ஓட்டின் நிறத்தை வைத்து நான் சோதிடம் சொல்ல இயலாது.

இருட்டில் ஒளிரும் நத்தை உண்மையில் உண்டா? (தைப்பிங்)

உண்டு. தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் குவாண்டுலா ஸ்ட்ரையாட்டா மஞ்சள் கலந்த பச்சை ஒளியை விட்டுவிட்டு வீசும். கைவிளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், தொடாதீர்கள்.

கப்பாஸ் தீவில் மரத்திலிருந்து எடுத்த நத்தை வலம்புரிச் சங்கைப் போல் சுழன்றிருக்கிறது. பூசையறையில் வைக்கலாமா, என்ன விலை போகும்? (செந்தூல்)

ஒரு வெள்ளிகூடப் போகாது. கடற்சங்கில் அவ்வாறு சுழன்றது மிக அரிது, அதனால்தான் அதற்கு மதிப்பு; ஆனால் நீங்கள் எடுத்த ஆம்ஃபிட்ரோமஸ் இன்வெர்சஸ் என்னும் மரநத்தையிலோ, உச்சியை மேலே வைத்துப் பார்த்தால் வாய் இடப்பக்கம் அமைந்தவையும் வலப்பக்கம் அமைந்தவையும் ஒரே மரத்தில் கலந்தே வாழ்கின்றன. மற்ற பெரும்பாலான நத்தையினங்களில் மாறிச் சுழன்றது துணை கிடைக்காமல் அருகிவிடும். இந்த இனமோ தனக்கு எதிராகச் சுழன்ற துணையுடனேயே அதிகம் இணைசேர்வதாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது; இரு வகையும் நிலைத்திருக்க அதுவே காரணம். இத்தனைக்கும் நீங்கள் எடுத்தது உயிருள்ள நத்தையா, வெற்று ஓடா என்றுகூட எழுதவில்லை. விலையை மட்டும் கேட்க மறக்கவில்லை. வாய் விளிம்பு தடித்து வெளிப்புறமாக மடிந்திருந்தால் அது முதிர்ந்த நத்தை, அதாவது முட்டையிட வேண்டிய நத்தை. சிறு தீவில் அதிர்ஷ்டத்துக்காக ஆளுக்கொன்று எடுத்தால், மெல்ல ஊரும் இவ்வுயிர் வேறெங்கிருந்து வந்து அந்த இடத்தை நிரப்பும்? இனி எவரும் என்னிடம் நத்தைக்கு விலை கேட்க வேண்டாம்.

சுண்ணக்கல் குன்றடியில் மட்டும் மணல் அளவுச் சிற்றோடுகள் குவிந்திருப்பது ஏன்? (பத்துமலை)

ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும்; அது அங்கே தாராளம். குன்றுக்குக் குன்று இனங்கள் மாறும். பேராக்கின் குனோங் ராப்பாட்டிலிருந்து 2008இல் விவரிக்கப்பட்ட ஓப்பிஸ்தோஸ்டோமா வெர்மிக்குலம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் ஓடு நான்கு அச்சுகளில் சுழல்கிறது. பகாங்கின் புக்கிட் பஞ்சிங் குன்று கல்லுடைப்பில் தகர்க்கப்பட்டபோது, அங்கு மட்டுமே வாழ்ந்த பிளெக்டோஸ்டோமா சியாஃபிலம் என்னும் நத்தையினமும் அற்றுப்போனது. வெற்று ஓட்டை எடுத்தால் எந்தக் குன்று, எந்தப் பக்கம், எந்த நாள் என்று உடனே தாளில் எழுதி அதனுடனேயே வையுங்கள்.