அம்மா சொன்ன வார்த்தையும் கணவரின் கோபமும்

கேள்வி: நான் மதுரைப் பெண், டல்லாஸில் வேலை. கணவர் ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பினத்தவர். பேறுகாலத்துக்கு வந்த அம்மா, குழந்தையைக் கையில் வாங்கியதும் "நல்லவேளை, நம்ம நிறம்தான்" என்று சொல்லிவிட்டார். கணவருக்கு அந்த அளவு தமிழ் புரியும். "அம்மா அந்தக் காலத்து மனுஷி, விடுங்க" என்றேன், கோபம் கூடியதுதான் மிச்சம். மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புவதிலும் சண்டை. கவுன்சிலிங் போகலாம் என்கிறார். நம் வழக்கம் தெரியாத வெள்ளைக்கார தெரபிஸ்ட்டிடம் போய் என்ன ஆகப்போகிறது? சென்னையில் இருப்பவரிடம் வீடியோவில் பேசினால் என்ன?
- பெயர் வேண்டாம், டல்லாஸ்

பதில்: பணம் அனுப்புவது வளர்ந்த விதத்தால் வரும் வித்தியாசம், உட்கார்ந்து பேசலாம். அம்மா சொன்னதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கறுப்பர் வெள்ளையரை மணக்கத் தடை போட்ட சட்டம் 1967 வரை 16 மாநிலங்களில் இருந்தது, ஜார்ஜியாவும் நீங்கள் இருக்கும் டெக்ஸாஸும் அதில் உண்டு. அந்த மண்ணில் வளர்ந்தவருக்குத் தன் பிள்ளையின் நிறத்தைப் பற்றிய ஒரு "நல்லவேளை" எப்படிக் கேட்டிருக்கும்? அம்மாவைவிட, பக்கத்தில் நின்றும் வாய் திறக்காத உங்கள் மேல்தான் அவருக்கு வருத்தம் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் பேச வேண்டியது மகள்தான், மாப்பிள்ளை இல்லை. அதற்குத் தெரபிஸ்ட் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

பணத்துக்குத்தான் கவுன்சிலிங் நன்றாக உதவும். குடும்பச் சிகிச்சையில் ஜெனோகிராம் என்று ஒன்று உண்டு, இரண்டு வீட்டிலும் மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரைந்து, யார் சம்பாதித்தார், யாரைத் தாங்கினார், கல்யாணத்துக்குப் பிறகு யாரோடு பேச்சு நின்றது என்று குறித்துக்கொண்டே போவார்கள். உங்கள் கணவருடைய பாட்டி வீட்டிலும் நாலு பேரை ஒருவர் சம்பாத்தியம் தாங்கிய கதை இருக்கலாம். அப்படியிருந்தால் அனுப்புவதில் அவருக்கு வழக்கில்லை, கேட்காமல் அனுப்புவதில்தான் வழக்கு. தம்பதிச் சண்டைகளில் 69 சதவீதம் முழுசாகத் தீராமல் திரும்பத் திரும்ப வருபவை என்கிறார் ஆய்வாளர் ஜான் காட்மன், ஆகவே ஒரு தொகை முடிவு செய்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி பேசுங்கள், போதும்.

தெரபிஸ்ட் எந்த இனம் என்பது அவ்வளவு முக்கியமில்லை. முதல் போனிலேயே கேளுங்கள்: கறுப்பினக் குடும்பங்களோடும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களோடும் வேலை செய்திருக்கிறீர்களா, அறையில் நிறப் பேச்சு எழுந்தால் என்ன செய்வீர்கள்? "எனக்கு நிறமே கண்ணில் படாது, எல்லாரும் மனிதர்கள்தான்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரமும் உங்களை இந்தியாவைப் பற்றிப் பாடம் எடுக்க வைப்பவரும் வேண்டாம் (காசு கொடுப்பது நீங்கள்!).

சென்னைக்காரர் சரிப்படாது. டெக்ஸாஸில் இருப்பவருக்குச் சிகிச்சை தர அந்த மாநில உரிமம் வேண்டும். அப்புறம், தம்பதி கவுன்சிலிங்கைப் பல இன்சூரன்ஸ்கள் ஏற்பதில்லை, நேரம் குறிக்கும் முன் அதையும் விசாரித்துவிடுங்கள்.