பட்டக்காரர் முறைக்குச் சான்று எங்கே?

கேள்வி: சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மரபுவழி ஊர் நிர்வாகத்தைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். நம்பகமான சான்றுகளை எங்கே தேடலாம்?
- வாசகி, ஏற்காடு

பதில்: 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ (Castes and Tribes of Southern India) என்ற நூலிலும், 1918இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட கெசட்டியரிலும் (அரசின் மாவட்ட விவரத் தொகுப்பு) நாடு எனப்படும் ஊர்த்தொகுதிப் பிரிவுகளையும், அவற்றின் தலைவரான பட்டக்காரர் முதலிய பொறுப்புகளையும் பற்றிய குறிப்புகள் உள்ளன, இரண்டையும் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆயினும் அவை ஆட்சியாளர் பார்வையில் எழுதப்பட்டவை என்பதால், வழக்கை யார் விசாரித்தார்கள் என்பதைச் சொல்லும் அளவுக்கு, அந்தத் தீர்ப்பை ஊரார் ஏன் ஏற்றார்கள் என்பதைச் சொல்வதில்லை. (இன்று பெயரின்றி உலவும் கட்டுரைகளில் பல, தர்ஸ்டனைத்தான் திருப்பிச் சொல்கின்றன.)

காப்பித் தோட்டங்களும் காப்புக்காடுகளும் வந்தபின் நில உரிமை எவ்வாறு மாறியது என்பதை அறிய, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய், வனத்துறைக் கோப்புகளைக் கேளுங்கள். உதகை அருகே முத்தோரை பாலாடாவிலுள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தையும் அணுகலாம்.

எனினும், உங்கள் முதன்மைச் சான்று மலைக் கிராமங்களின் மூத்தவர்களே. ஒலிப்பதிவுக்கு முன் ஒப்புதல் பெறுங்கள். மூலிகை அறிவைச் சொல்பவர் அதை அச்சிட வேண்டாம் என்றால், அப்பகுதியை ஆய்வேட்டிலிருந்து நீக்கிவிடுங்கள்.