தகனம் முடிந்த பிறகு காரணம் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: கால்வாய் துப்புரவு வேலை பார்த்த என் அண்ணன் (41) காய்ச்சல் வந்து, கண் மஞ்சளாகி 6ஆம் நாள் இறந்துவிட்டார். மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனைக்குக் கேட்டார்கள். “800 வெள்ளி (ரிங்கிட்) கொடுங்கள், கத்தி படாமல் உடலை எடுத்துத் தருகிறேன்” என்றார் இறுதிச் சடங்கு ஏஜெண்ட். கொடுத்தோம், பத்து லஞ்சாங் மயானத்தில் தகனமும் முடிந்தது. இப்போது கூட வேலை செய்த கூட்டாளிக்கும் அதே காய்ச்சல். இனி ஏதாவது தெரியுமா?
— வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: முதலில் அந்தக் கூட்டாளியை இன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள். “கால்வாயில் வேலை, கூட இருந்தவர் காமாலையோடு இறந்தார்” என்று அவர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் டெங்கி சோதனையோடு பானடோல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு எலிச் சிறுநீர்க் கிருமி மேல்தான் சந்தேகம். அதற்குச் சீக்கிரம் மருந்து தொடங்க வேண்டும்.

உடல் போனாலும் அண்ணனின் ரத்தம் போயிருக்காது. வார்டில் எடுத்த குழாய்கள் ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியில் சில நாள் கிடக்கும். உடனே எழுத்தில் கேளுங்கள்.

அந்த ஏஜெண்ட் உங்களுக்கு விற்றது இலவசப் பொருள். மருத்துவமனை சம்மதம் கேட்டால் “வேண்டாம்” என்று சொல்லக் காசு எதற்கு? போலீஸ் உத்தரவிட்ட பரிசோதனையை அவரால் நிறுத்தவும் முடியாது. இதைவிட மோசம், உடலை வீட்டில் கெடாமல் வைக்க ஃபார்மலின் மருந்து ஏற்றுவது. ஃபார்மலின் ஏறிய உடலில் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது.

இனி யாருக்காவது இந்த நிலை வந்து கத்திக்குப் பயந்தால், ஊசியால் ஈரல், சிறுநீரகத்தில் துளி சதை மட்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மூளைக் காய்ச்சலில் மட்டும் அந்தத் துளி போதாது. 1998-99இல் மலேசியாவில் பன்றிகளிடமிருந்து பரவிய நிப்பா வைரஸை முதலில் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே நினைத்து, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்ததோ பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். புதுக் கிருமி என்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் பிடிபட 1999 மார்ச் ஆகிவிட்டது. இறந்தவர் மூளையைத் திறந்து பார்த்ததால்தான் ரத்தக் குழாய்களை அது சிதைப்பது தெரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள்.

ஆய்வுக்கூடத்தில் எங்கள் மேசைக்கு வரும் பரிசோதனைப் படிவங்களில் ‘காய்ச்சல்’ என்று ஒரே சொல் இருக்கும், தொழில் கட்டம் காலியாக. ஃபோன் போட்டுக் கேட்பதிலேயே எனக்குப் பாதி நாள் போகிறது. எலிச் சிறுநீர் நோய் 2010 முதல் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். யாராவது அறிவித்திருப்பார்கள் என்று இருக்காமல் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு நீங்களே போங்கள், கால்வாய் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

அப்புறம், கூட்டாளிக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டும். முதல் குழாயை வீசிவிடாமல் வைக்கச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் கூடியிருக்கிறதா என்றுதான் நாங்கள் பார்ப்போம்.