திருவாதிரைக்கு ஏன் இந்தச் சிவப்பு?

தைக் குளிரில் வாசலில் நின்று பார்த்தால் திருவாதிரை மட்டும் சிவந்து தெரிகிறது. அது வெடிக்கப்போகிறது என்கிறார்களே, உண்மையா?
– எட்டாம் வகுப்பு மாணவி, கொடைக்கானல்

கொல்லன் உலையில் இரும்பு காய்வதைக் கவனியுங்கள். முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இன்னும் காய்ந்தால் வெளுக்கும். விண்மீனுக்கும் இதே கணக்குதான். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். திருவாதிரையோ 3,300 டிகிரியை ஒட்டித்தான். பிறந்தபோது அது நீலவெள்ளையாக இருந்தது. நடுவில் இருந்த ஹைட்ரஜன் தீர்ந்ததும் நடுப்பகுதி சுருங்கிச் சூடேறியது. வெளிப்பகுதி ஊதிப் பெருத்துக் குளிர்ந்தது. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

வெடிக்கும். ஆனால் அடுத்த 1 லட்சம் ஆண்டுகளுக்குள் எப்போது வேண்டுமானாலும் என்பதுதான் கணிப்பு. 2019 கடைசியில் அது மங்கியபோது பலர் நாள் குறித்துவிட்டார்கள். அது கக்கிய வாயு குளிர்ந்து தூசாகி முன்னால் திரையிட்டதே அதற்குக் காரணம்.

பெரிய விண்மீனில் எரிபொருள் அதிகம். பிறகு ஏன் அது சீக்கிரம் சாகிறது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், ஊட்டி

அருமையான கேள்வி. இருப்பைப் பார்த்தால் போதாது, செலவையும் பார்க்க வேண்டும். எடை கூடினால் நடுப்பகுதியில் அழுத்தமும் சூடும் கூடும். சூடு கொஞ்சம் ஏறினாலே ஹைட்ரஜன் ஹீலியமாகும் வேகம் எகிறிவிடும். சூரியன் நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜனை மாற்றியும் சுமார் 1,000 கோடி ஆண்டு தாக்குப்பிடிக்கும். அதில் 460 கோடி கழிந்துவிட்டது. அதைவிட 10 மடங்கு எடையுள்ள விண்மீன் பல ஆயிரம் மடங்கு ஒளியைக் கொட்டி, 2, 3 கோடி ஆண்டுகளிலேயே ஓய்ந்துவிடும்.

முடிவும் எடையைப் பொறுத்ததுதான். சூரியன் சிவந்து பெருத்து, வெளி அடுக்குகளை உதிர்த்து, பூமியளவு வெண்குறுமீனாக அடங்கும். சூரியனைப்போல் 1.4 மடங்குக்கு மேல் போனால் வெண்குறுமீன் தாங்காது என்று கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1983இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர். 8 மடங்குக்கு மேற்பட்ட விண்மீன்களில் நடுப்பகுதி இரும்பாகும் வரை போகும். இரும்பை இணைத்தால் ஆற்றல் வராது. முட்டுக்கொடுக்க எதுவும் இல்லாமல் நடுப்பகுதி ஒரு நொடிக்குள் சரிய, விண்மீன் வெடிக்கிறது. மிஞ்சுவது கருந்துளை, அல்லது 20 கிலோமீட்டர் அகல நியூட்ரான் விண்மீன். அத்தகைய விண்மீன்களின் ரேடியோ துடிப்பைத்தான் உங்கள் ஊர் முத்தோரையில் மலைச்சரிவோடு 530 மீட்டர் நீளும் தொலைநோக்கி கேட்கிறது.

இவற்றைப் பைனாகுலரில் பார்க்க முடியுமா? எங்களுடையதில் பனி படர்ந்துவிடுகிறது.
– ஏழாம் வகுப்பு மாணவர், கோத்தகிரி

தாராளமாக. 7x50 அல்லது 10x50 போதும்; முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 50 என்பது முன் லென்ஸின் மில்லிமீட்டர் அகலம். ஜனவரிக் கடைசியில், நிலா இல்லாத இரவில், 9 மணிக்குத் தெற்கு நோக்கி அண்ணாந்து பாருங்கள். வரிசையாக மூன்று மீன்கள் தெரியும். அவற்றுக்குக் கீழே புகைபோல் ஒரு திட்டு: ஓரியன் நெபுலா, விண்மீன்கள் பிறக்கும் தொட்டில். புகைப்படத்து இளஞ்சிவப்பை எதிர்பார்க்காதீர்கள்; மங்கிய ஒளியில் கண்ணுக்கு நிறம் தெரியாது, சாம்பலாகத்தான் இருக்கும். மூன்று மீன்களின் கோட்டை வடமேற்காக நீட்டினால் முதுமை தொட்ட ரோகிணி. இன்னும் நீட்டினால் 10 கோடி வயதே ஆன இளசுகள், கார்த்திகைக் கூட்டம். மூன்று மீன்களுக்கு இடப்பக்கம் மேலே திருவாதிரை.

திறந்த வானத்தைப் பார்க்கும் லென்ஸ், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதனால்தான் பனி படர்கிறது. கறுப்புச் சார்ட் பேப்பரை லென்ஸுக்கு முன்னால் 10 சென்டிமீட்டர் நீளும்படி சுருட்டி மாட்டுங்கள். துணியால் துடைக்கவே கூடாது, தூசி உரசி மேல்பூச்சில் கீறல் விழும். வீட்டுக்குள் எடுத்துப்போகுமுன் வெளியிலேயே மூடியிட்டு, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் போதும்.