கால் தயார், கை தயாரா? ரோட்டோருவா போகும் வேளச்சேரி சைக்கிள்காரருக்கு

கேள்வி: எனக்கு 47 வயது. வேளச்சேரியில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் கியர் சைக்கிளில் கோவளம் வரை போய்த் திரும்புகிறேன், மொத்தம் 60 கிலோமீட்டர். டிசம்பரில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். ரோட்டோருவா ஏரிப் பகுதியில் மூன்று நாள் தங்குவோம். அங்கே மலை சைக்கிள் பாதைகள் ஏராளம் என்கிறாள். என்னால் ஓட்ட முடியுமா? என் சைக்கிளைக் கொண்டுபோகலாமா? சென்னையில் இருந்துகொண்டே எப்படிப் பயிற்சி எடுப்பது?

பதில்: சைக்கிளைக் கொண்டுபோகாதீர்கள். மூன்று கேள்விகளில் இதற்குத்தான் விடை சுலபம் என்பதால் முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் பாதைகள் ரோட்டோருவாவை ஒட்டிய காட்டுக்குள் இருக்கின்றன. சாலைக்கென்று செய்த ஒல்லி டயர் சைக்கிள் அங்கே உங்களுக்கும் சுமை, சைக்கிளுக்கும் தண்டனை. தவிர, நியூசிலாந்து விமான நிலையத்தில் மண்ணைக் கண்டால் அதிகாரிகளுக்கு ஆகாது. வெளிநாட்டு விதை, பூச்சி, கிருமி எதுவும் உள்ளே வரக்கூடாது என்பதில் கறாரானவர்கள். டயரில் ஒட்டிய சேறும் அந்தக் கணக்கில்தான் சேரும். சைக்கிள் இல்லாவிட்டாலும் உங்கள் பழைய ஓட்டக் காலணியின் அடியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வருகைப் படிவத்திலும் குறிப்பிட்டுவிடுங்கள். மறைத்துப் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். காட்டின் வாசலிலேயே முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள நல்ல மலை சைக்கிள்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஹெல்மெட்டும் தருவார்கள்.

இனி முக்கியமான கேள்வி. முடியும். ஆனால் நீங்கள் எதை உங்கள் பலம் என்று நினைக்கிறீர்களோ அது அங்கே பாதிதான் செல்லும். கோவளம் போய்வரும் கால் ஏற்றத்துக்கு உதவும். அந்த ஏற்றத்துக்குக்கூட டிரெய்லரில் சைக்கிள்களை அடுக்கிக்கொண்டு மேலே கொண்டுபோய் விடும் வண்டி உண்டு. மலை சைக்கிளில் கற்க வேண்டியது இறக்கம். இறக்கத்துக்கு வேண்டியவை கண், முன்கை, இடுப்பு. ஈ.சி.ஆரில் இவை மூன்றும் தூங்கிக்கொண்டே வருகின்றன.

நான் முதன்முதலில் அந்தக் காட்டுக்குள் இறங்கிய காலையில் பாதையின் குறுக்கே ஒரு வேர் தெரிந்தது. அதையே பார்த்தேன். பார்த்ததாலேயே நேராக அதன்மேல் போனேன். பயந்து இரண்டு பிரேக்கையும் இறுக்கினேன். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. என் பின்னால் வந்த பத்து வயதுப் பெண் குழந்தை நலம் விசாரித்துவிட்டு, அதே வேரை ஒரு துள்ளலில் தாண்டிப் போனது.

அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது இதுதான். இறக்கத்தில் இருக்கையில் உட்காரக்கூடாது. இரண்டு பெடல்களும் தரைக்கு இணையாக, ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். உடல் எடை கைப்பிடியில் சாயாமல் பாதத்தில் இறங்க வேண்டும். முழங்கை வெளிப்பக்கம் மடிந்திருக்க, இடுப்பு சற்றுப் பின்னால். பார்வை முன்சக்கரத்தில் அல்ல, நான்கைந்து சைக்கிள் நீளத்துக்கு அப்பால். வாடகை சைக்கிளின் கைப்பிடியில் இருக்கைக்கென்று ஒரு நெம்புகோல் இருக்கும். அதை அழுத்தி உட்கார்ந்தால் இருக்கை தாழும், எழுந்துகொண்டு அழுத்தினால் மேலே வரும். சாலைக்காரர்கள் இதை ஆடம்பரம் என்று நினைத்துத் தொடவே மாட்டார்கள். இறக்கத்தில் உடம்பு அசைய இடம் கொடுப்பதே அதுதான். எந்தக் கைப் பிரேக் எந்தச் சக்கரத்துக்கு என்பதையும் கிளம்பும் முன்பே நின்ற இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக்குக்கு ஒரு விரல் போதும். வேகத்தைக் குறைக்கும்போது எடை முன்னால் சாய்வதால் முன்பிரேக்தான் அதிகம் நிறுத்துகிறது. அதைக் கண்டு அஞ்சிப் பின்பிரேக்கை மட்டுமே பிடிப்பவர்கள் மண்ணில் வழுக்கிக்கொண்டே போவார்கள். முன்பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல் எலுமிச்சம்பழம் பிழிவதுபோல மெல்ல அழுத்திக் கூட்ட வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். டயருக்கு மண்ணில் கிடைக்கும் பிடிப்பு கொஞ்சம். நிற்கவும் திரும்பவும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டும் கிடைக்காது.

சமதளமான சென்னையில் இதை எங்கே பழகுவது? உங்கள் தெருவிலேயே. நாம் தினமும் சபிக்கும் வேகத்தடைதான் உங்கள் முதல் பள்ளிக்கூடம். காலை ஐந்தரை மணிக்கு, வண்டி நடமாட்டம் தொடங்கும் முன், பெடல் மிதிக்காமல் எழுந்து நின்று தாண்டுங்கள். முன்சக்கரம் ஏறும்போது கை மடிந்து அதை மேலே வர விட வேண்டும், இறங்கும்போது நீட்டிக் கீழே தள்ள வேண்டும். தலை மட்டும் ஆடாமல் நேர்கோட்டில் போனால் சரியாகச் செய்கிறீர்கள். இன்னொன்று, குடியிருப்பு வளாகத்தில் இரண்டு கார் நிறுத்தும் இடத்துக்குள் கால் ஊன்றாமல் எட்டு போடுவது. மெதுவாக ஓட்டுவது வேகமாக ஓட்டுவதைவிடக் கடினம் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

மண்ணுக்கு நமக்கு ஏரிக்கரை இருக்கிறது. மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கத்துச் சின்னக் கிராம ஏரிகளின் கரைமேல் ஒற்றையடிப் பாதைகள் உண்டு. ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஆடு மாடு ஓட்டி வருபவருக்கு இறங்கி வழிவிட்டு ஓட்டுங்கள். நன்மங்கலம் காடு பக்கத்தில் இருக்கிறதே என்று உள்ளே நுழைந்துவிடாதீர்கள், அது காப்புக்காடு. எதுவானாலும் புரட்டாசிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நம் களிமண் டயரில் அப்பிச் சக்கரத்தையே சுற்றவிடாது. ரோட்டோருவாவில் அந்தத் தொல்லை குறைவு. எரிமலை கக்கிய நுரைக்கல் மண் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சிவிடுவதால் மழை விட்ட கொஞ்ச நேரத்திலேயே ஓட்டலாம்.

ஒரு வார இறுதியில் ஏலகிரிக்குப் போய்வாருங்கள். ஆக்லாந்திலிருந்து ரோட்டோருவா எவ்வளவு தூரமோ, சென்னையிலிருந்து ஏலகிரி ஏறக்குறைய அவ்வளவுதான், சுமார் 230 கிலோமீட்டர். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலைதான் என்றாலும், வளைவுக்கு முன் பிரேக், உள்ளே விடுதல் என்ற பாடத்தை அதிகாலையில் பதினான்கு முறை படிக்கலாம்.

இனி அந்த ஊர். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் ரோட்டோ என்றால் ஏரி, ருவா என்றால் இரண்டு. ஊரை ஒட்டிய காட்டின் பெயர் ஃபகாரேவாரேவா. ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘வ’வில் தொடங்காதீர்கள், ‘ஃப’தான். 1901 முதல் நடப்பட்ட கலிஃபோர்னிய ரெட்வுட் மரங்கள் அண்ணாந்து பார்த்தாலும் முடியாத உயரத்தில் நிற்கின்றன. (செம்மரம் என்று எழுதினால் ஆந்திரக் காட்டு வழக்குகள் நினைவுக்கு வரும். இது வேறு மரம்.) சைக்கிள் பாதைகள் மட்டும் 200 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும், ஓட்டக் கட்டணம் இல்லை. 2006-ல் உலக மலை சைக்கிள் சாம்பியன் போட்டிகள் நடந்த இடம் இது.

பாதைகளுக்கு 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். 2 பச்சை, 3 நீலம், 4 கறுப்பு. அதற்கு மேலுள்ள எண்களை வரைபடத்தில் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் நாள் காட்டின் வைபா நுழைவாயிலில் குழந்தைகளுக்கென்றே இருக்கும் சுற்றில் கூச்சப்படாமல் நாலைந்து முறை ஓட்டுங்கள். பிறகு பச்சை, மாலைக்குள் ஒரு நீலம். இரண்டாம் நாளுக்கு, காட்டைச் சுற்றிவரும் சுமார் 33 கிலோமீட்டர் பாதை உங்களுக்கென்றே போட்டதுபோல இருக்கும். தரம் 3. உங்கள் கோவளத்துக் கால் அங்கேதான் பெயர் வாங்கும். வழியில் டிகிடாபு என்ற நீல ஏரி வரும், குளிக்கலாம். பக்கத்திலுள்ள பச்சை ஏரியான ரோட்டோகாகாஹி மாவோரி மக்களுக்குப் புனிதமானது, அதில் இறங்கக்கூடாது. பாதைகள் பல ஒருவழி. பின்னால் வருபவர் வேகமாக வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கிவிடுங்கள், திருப்பத்தில் நின்று படம் எடுக்காதீர்கள்.

நொங்கோடாஹா மலையில் கேபிள் காரில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கும் பூங்கா ஒன்றும் இருக்கிறது. மூன்றாம் நாள் குடும்பத்தோடு ஏறி ஏரியைப் பாருங்கள். சைக்கிள் வேண்டாம், இந்தப் பயணத்தில் வேண்டாம்.

முழுவிரல் கையுறையும் முழங்கால் கவசமும் இங்கேயே வாங்கிப் பழகுங்கள். சென்னை வெயிலில் காய்ந்த தோல்தானே என்று இருக்காதீர்கள். அங்கே குளுகுளுவென்று இருக்கும்போதே புற ஊதாக் கதிர் தோலைப் பதம் பார்த்துவிடும். விபத்தில் காயம்பட்டால் பயணிகளுக்கும் சிகிச்சைச் செலவில் அந்நாட்டு அரசுத் திட்டம் உதவும், ஆனால் ஊர் திரும்பும் செலவு உங்களுடையது. பயணக் காப்பீடு எடுக்கும்போது மலை சைக்கிள் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாகச விளையாட்டு என்று விலக்கிவிடும் பாலிசிகள் உண்டு.

ஊருக்குள் நுழைந்ததும் அழுகிய முட்டை வாடை வந்தால் காருக்குள் எதையும் தேடாதீர்கள், அது பூமிக்கடியிலிருந்து வரும் கந்தக வாயு. முதல் நாள் மாலை வெந்நீர்க் குளத்தில் உட்காரும்போது எங்கே வலிக்கிறது என்று கவனியுங்கள். தொடை வலித்தால் நல்ல நாள். முன்கை வலித்தால் நாள் முழுக்கப் பிரேக்கில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். மறுநாள் பெரிய சுற்றுக்குப் போகும் முன் குழந்தைகள் சுற்றில் இன்னும் இரண்டு முறை.