அரசு மருத்துவமனை வேலையில் கட்சி பேட்ஜ் குத்திக்கொள்ளலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் அரசு மருத்துவமனைப் பதிவு கவுண்டரில் வேலை செய்வதாகவும், கட்சி பேட்ஜைக் கழற்றும்படி மேலாளர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் அக்கா பொட்டும் மூக்குத்தியும் அணியலாமென்றால் இது மட்டும் ஏன் கூடாது என்பது உங்கள் கேள்வி.

கழற்றிவிடுங்கள். தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 195ஆம் பிரிவு, பொதுச்சேவை பாரபட்சமில்லாமல் நடக்க வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டின் பொதுப்பணி விதிகளும் பணியிடத்தில் கட்சி அரசியல் நடவடிக்கையைத் தவிர்க்கச் சொல்கின்றன. விடியற்காலையில் வந்து வரிசையில் நின்ற பாட்டியை நினைத்துப் பாருங்கள். உங்கள் நெஞ்சில் அந்தச் சின்னத்தைப் பார்த்ததும், 'நான் வேறு கட்சி, என் ஃபைலை ஒழுங்காக எடுப்பார்களா?' என்று அவர் பயப்படலாம். நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்தப் பயம் நியாயமானதுதான்.

மூக்குத்தி வேறு விஷயம். டர்பன் பள்ளி ஒன்றில் தமிழ்க் குடும்பத்து மாணவியின் மூக்குத்தியைத் தடுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று 2007ல் அரசமைப்பு நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அது நம் வழிபாடும் பண்பாடும் சார்ந்தது, ஓட்டுக் கேட்பதில்லை.

அப்புறம், நிறவெறி ஆட்சிக் காலத்துப் பழைய தேசியக் கொடியை யாராவது மாட்டினால், அது வெறும் நடுநிலைப் பிரச்சினை இல்லை. காரணமின்றி அதைக் காட்டுவது வெறுப்புப் பேச்சு என்று 2019ல் சமத்துவ நீதிமன்றம் சொன்னது.

சரி, உங்கள் கட்சி நம்பிக்கைக்காகவே பதவி உயர்வை மறுத்தால்? அங்கே சட்டம் உங்கள் பக்கம். அரசமைப்பின் 197ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சிசிஎம்ஏவிடம் (CCMA) புகார் கொடுக்கலாம்.