பாட்டி பின்னிய குரோஷா விரிப்புகளை வெட்டித் தைக்கலாமா?

பாட்டி பின்னிய மேசை விரிப்பும் டிவி உறையும் பழுப்பேறி, அங்கங்கே பிரிந்திருக்கின்றன, வெட்டி வேறு ஏதாவது தைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். குரோஷா என்பது கண்ணிக்குள் கண்ணி கோத்த வேலை. ஓரிடத்தில் வெட்டினால் பக்கத்துக் கண்ணிகளும் அவிழத் தொடங்கிவிடும். குரோஷா கையால் பின்னுகிற வேலை, ஒவ்வொரு கண்ணியும் அவர் விரல் இழுத்ததுதான்.

முதலில், வாய் திறந்து நிற்கும் கண்ணிகளில் துருப்பிடிக்காத ஊக்கு குத்தி, பிரிவதை நிறுத்துங்கள். பிறகு அதே கனமுள்ள பருத்தி நூலால் சரிசெய்யலாம். நூல்கண்டில் எண் கூடக்கூட நூல் மெல்லியதாகும். 20-ஆம் எண்ணில் பின்னியதற்கு 40 பொருந்தாது. வெள்ளை நூலிலும் பல சாயல்கள் உண்டு, பழைய விரிப்பைக் கடைக்கே கொண்டுபோய் ஒப்பிடுவது நல்லது.

துவைக்க, வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். பிளீச்சிங் பவுடர் நூலை அரித்துவிடும். பிழியாமல், துண்டின் மேல் விரித்து, வடிவத்தை இழுத்துச் சரிசெய்து உலர்த்துங்கள். கஞ்சி போட்டு எடுத்துவைத்தால் பூச்சி வரும்.

முழு விரிப்பை அடர்நீலத் துணிமேல் வைத்துத் தைத்தால் அழகான தலையணை உறை கிடைக்கும். நைந்த தலையணை உறையின் ஓரப் பின்னல் நன்றாக இருந்தால், துணியை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு, அதைப் பேத்தியின் பாவாடை விளிம்பில் தைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.